எத்தனை ரூபாய்? இல்லை, எத்தனை படி?

"என்ன மதினி, உங்க கடையில இந்த வருஷம் வியாபாரம் அமோகமாமே!" என்று என் நாத்தனார் மதுரையிலிருந்து போனில் கேட்டபோது, சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. 2022ஆம் வருஷத்து ஜூலை மாதம் அது.

"உங்க கடை" என்று அவள் சொன்னது எனக்குச் சொந்தமான கடையை அல்ல. எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துப் பண்டகசாலையை. போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் போகிற சாலையை ஒட்டின கிராமம் எங்களுடையது. வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் ஏலமலை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தம்பாறை என்று கேரளத்து ஏலத் தோட்டங்கள். விடிந்தும் விடியாமலும் எங்கள் ஊர்ப் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு அங்கே காய் எடுக்கவும் களை எடுக்கவும் போவார்கள். இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவார்கள். தலையில் கட்டின துண்டைக்கூட அவிழ்க்காமல் பண்டகசாலை வாசலில் நின்று, கால் கிலோ பருப்பு, நூறு எண்ணெய், ஒரு சோப்பு என்று வாங்கிக்கொண்டு போய்த்தான் அடுப்பைப் பற்ற வைப்பார்கள்.

நான் பத்தாவது வரை படித்தவள். எங்க வீட்டுக்காரர் போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறார். இரண்டு பெண்கள், மாமியார், ஒரு பசுமாடு, இதுதான் என் உலகம். 2018இல் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் வந்தபோது, நிர்வாகக் குழுவில் பெண்களுக்கென்று ஒதுக்கின இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டு வந்தார்கள். "நீங்கதான் நாலு எழுத்துப் படிச்சவங்க, ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா" என்றார்கள். கையெழுத்துத்தானே என்று போட்டேன். அது அத்தோடு நிற்கவில்லை!

ஆரம்பத்தில் கூட்டத்துக்குப் போவேன், ஓரமாக உட்காருவேன், காபி குடிப்பேன், நோட்டில் கையெழுத்துப் போடுவேன், வந்துவிடுவேன். ஒரே ஒரு முறை நிர்வாகக் குழுவினருக்கு நடந்த பயிற்சி வகுப்பில் கேட்ட கதை மட்டும் மனசில் நின்றது. இங்கிலாந்தில் ராச்டேல் என்று ஓர் ஊர். அங்கே 1844ஆம் வருஷம் பஞ்சம் பிழைக்க வழியில்லாமல் தவித்த 28 பேர், அவர்களில் பலர் நெசவாளிகள், ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து ஒரு கடை திறந்தார்களாம். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி, இவ்வளவுதான் சரக்கு. சரியான எடை, கலப்படமில்லாத பண்டம், லாபம் வந்தால் அவரவர் வாங்கின அளவுக்குத் தக்கபடி பங்கு. இன்னொரு விதியும் வைத்திருந்தார்கள்: கடன் கிடையாது, ரொக்கம்தான். நம் சென்னை திருவல்லிக்கேணியிலும் 1904இல் அதே மாதிரி ஒரு பண்டகசாலை தொடங்கி, டி.யூ.சி.எஸ். என்று பேர் பெற்றது. "ஏழைகள் கடையில் கடன் கொடுக்க மாட்டேன் என்றால் அது என்ன நியாயம்?" என்று அன்றைக்கு எனக்குள்ளே கேட்டுக்கொண்டேன். அதற்குப் பதில் 2022இல் கிடைத்தது.

அந்த வருஷம் உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்தது. எங்கோ நடக்கிற சண்டைக்கும் நம் வாணலிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தோம். சூரியகாந்தி எண்ணெய் பெரும்பாலும் அந்த இரண்டு நாடுகளிலிருந்துதான் நமக்கு வந்துகொண்டிருந்தது என்பது விலை ஏறின பிறகுதான் தெரிந்தது. போதாததற்கு, ஏப்ரல் 28ஆம் தேதி இந்தோனேஷியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. மே 23இல்தான் மறுபடி திறந்தார்கள். ஏப்ரல் மாதத்தில் நாட்டின் சில்லறை விலைவாசி 7.79 சதவீதம் ஏறியது. அதற்கு முந்தின எட்டு வருஷத்தில் அவ்வளவு ஏறினதில்லை. மே மாதம் சமையல் கேஸ் ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. ஜூலை 18 முதல் பை போட்டு லேபிள் ஒட்டி வருகிற அரிசி, பருப்பு, மாவுக்கெல்லாம், 25 கிலோ வரைக்கும், ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வந்தது.

எல்லாம் ஏறின அந்த வருஷம், எங்கள் ஊர்ப் பண்டம் மட்டும் இறங்கிவிட்டது! ஏலக்காயைத்தான் சொல்கிறேன். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போன காய், 2022இல் சராசரி ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. ராத்திரி சாப்பிடும்போது எங்க வீட்டுக்காரர் அன்றைய ஏல விலையைச் சொல்லுவார். மாமியார் பேசாமல் சோற்றைப் பிசைவார். காய்க்கு விலை இல்லையென்றால் தோட்டக்காரர்கள் முதலில் களையெடுப்பைக் குறைப்பார்கள், மருந்தடிப்பைக் குறைப்பார்கள். ஆறு நாள் போன ஜீப் மூன்று நாள்தான் போகும். எப்போதுமே கோடையில் வேலை கம்மி. அந்தக் கோடையில் அதுவும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஜூலை மாதக் குழுக் கூட்டம் நடந்தது. செயலாளர் கணக்கு வாசித்தார். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்தில், ரேஷன் போக மற்றச் சரக்குகளின் விற்பனை போன வருஷத்தைவிட நன்றாகக் கூடியிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். தலைவர் பஜ்ஜி வாங்கி வரச் சொன்னார். இந்தச் செய்திதான் ஊர் முழுக்கப் பரவி, மதுரை வரைக்கும் போய், நாத்தனார் வாயிலாக எனக்கே திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் பெருமையாகச் சொன்னேன். அத்தைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, பள்ளிக்கூடமே போகாதவர். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை ரூபான்னு கேக்காத தாயி, எத்தனை படின்னு கேளு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார்: "நான் வாக்கப்பட்டு வந்த வருஷம் இப்படித்தான் வெலவாசி. உங்க மாமா தினம் ஒரு ரூபா கூடக் கொண்டாந்தாரு. பான மட்டும் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. ரூபா பேசும் தாயி, படி பொய் சொல்லாது."

அத்தை கல்யாணமாகி வந்தது 1974. 1972இல் மழை பொய்த்து, 1973 கடைசியில் பெட்ரோலிய எண்ணெய் விலை உலகமெங்கும் நாலு மடங்காகி, 1974-75இல் நம் நாட்டில் மொத்த விலைவாசி 25 சதவீதம் ஏறினதாக இன்று புத்தகத்தில் படிக்கிறோம். அத்தை அதைப் பானைக்குள் கை விட்டுப் படித்திருக்கிறார்!

மறுநாள் மத்தியானம் பண்டகசாலைக்குப் போனேன். விற்பனையாளர் சின்னப் பையன், எனக்குத் தம்பி முறை. இருப்பு நோட்டை வாங்கி, ரூபாய் பக்கம் பார்க்காமல் மூட்டைக் கணக்கை மட்டும் பார்த்தேன். போன வருஷம் அந்த மூன்று மாதத்தில் பன்னிரண்டு மூட்டை துவரம்பருப்பு போயிருந்தது. இந்த வருஷம் எட்டு. எண்ணெயும் டின் கணக்கில் குறைவு. விலை ஏறினதால் ரூபாய் கூடியிருந்ததே தவிர, பண்டம் குறைவாகத்தான் விற்றிருந்தது. அமோக வியாபாரமாம்!

அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று காத்திருந்தது. கடையில் எண்ணெய் டின் வைக்கிற இடம் பாதி காலி. "ஏன் தம்பி, லாபம் வந்திருக்கே, சரக்கு எங்கே?" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான்.

சகோதரிகளே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு டின் எண்ணெயை 2,000 ரூபாய்க்கு வாங்கி, 2,100க்கு விற்கிறோம் என்று வையுங்கள். நூறு ரூபாய் லாபம் என்று நோட்டில் எழுதிவிடுவோம். அடுத்த டின் வாங்கப் போனால் விலை 2,200! கையில் இருக்கிற 2,100ஐ வைத்துக்கொண்டு ஒரு டின்கூட வாங்க முடியாது. நோட்டில் லாபம், அலமாரியில் நஷ்டம். தனியார் கடைக்காரர் புது விலை தெரிந்த நிமிஷமே பழைய சரக்குக்கும் விலையை ஏற்றிவிடுவார். கூட்டுறவுக் கடை வாங்கின விலைக்கு மேல் கொஞ்சம் மட்டும் வைத்து விற்கிறது. அதுதான் அதன் பெருமை; விலை ஏறுகிற வருஷத்தில் அதுவே அதன் ஆபத்து.

இதில் கடனும் சேர்ந்தால்? தம்பி கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு சிவப்பு அட்டை நோட்டை எடுத்து நீட்டினான். அவன் கை நடுங்கியது. மலைக்குப் போகிற முப்பத்தேழு வீட்டுக்காரர்கள் பேர் அதில் இருந்தது. நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் பாக்கி. "வேலை இல்லக்கா. பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறாங்க. எப்பிடி இல்லைன்னு சொல்றது?" என்றான். விதிப்படி ரொக்க விற்பனைதான். தணிக்கையில் இது தெரிந்தால் பணத்தை அவன்தான் கட்ட வேண்டும், வேலையும் போகும். ஏப்ரலில் கொடுத்த கால் கிலோ பருப்புக்கு ஆகஸ்டில் பழைய விலையே திரும்பி வந்தாலும், அந்தப் பணத்துக்குக் கால் கிலோ வாங்க முடியாது. ராச்டேல் நெசவாளிகள் ஏன் ரொக்கம் என்றார்கள் என்பது அந்த நிமிஷம் உறைத்தது. கடன் கொடுத்துக் கடை மூடினால், அப்புறம் கடனும் இல்லை, கடையும் இல்லை.

நோட்டில் முதல் பேரே என் பக்கத்து வீட்டு மதினியுடையது.

அடுத்த கூட்டத்தில் மூட்டைக் கணக்கைச் சொன்னேன். "மக்கள் டவுன் கடைக்குப் போயிருப்பாங்க" என்றார் ஒருவர். நியாயமான சந்தேகம்தான். அதனால் நானே நாலு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மதினி வீட்டுக்குப் போன நேரம், அவர் பேத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வயது. தட்டில் சோறு குவித்திருந்தது. ரேஷன் அரிசி இலவசம், அதற்குக் குறைவில்லை. மேலே ஊற்றியிருந்தது வெறும் புளித்தண்ணி. "பருப்பு ரசம் வைக்கலையா மதினி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "ரேஷன்ல போடுற ஒரு கிலோ பதினைஞ்சு நாளைக்கு வரும். அப்பறம் எண்ணெய் வாங்குறதா, பருப்பு வாங்குறதா? எண்ணெய் இல்லாம தாளிக்க முடியாது, பருப்பு இல்லாமச் சாப்பிட்டுக்கலாம்" என்றார். அங்கன்வாடியில் இரண்டு மாசமாகக் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்று அவரே சொன்னார்.

குறைந்த நாலு மூட்டைப் பருப்பு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டவுன் கடைக்குப் போகவில்லை. குழந்தைகள் தட்டிலிருந்து போயிருந்தது.

பிள்ளைத்தாய்ச்சிகளும் சின்னக் குழந்தைகளும் இருக்கிற வீட்டில் பருப்பு குறைவது எண்ணெய் குறைவதைவிட மோசம். வளருகிற உடம்புக்குப் புரதம் வேண்டும். சோறு மட்டும் அதைக் கொடுக்காது. சோற்றோடு பருப்போ பயறோ சேர்ந்தால் ஒன்றில் இல்லாததை இன்னொன்று ஈடுகட்டும். துவரம்பருப்புத்தான் வேண்டுமென்றில்லை. தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொள்ளு, நிலக்கடலை எல்லாமே நல்லதுதான். பிடி முருங்கைக்கீரையைப் போட்டுவிட்டால் இன்னும் விசேஷம்.

இப்போது என் சங்கடத்தைப் பாருங்கள். கடன் கொடுத்தால் கடை போகும், தம்பி வேலை போகும். நிறுத்தினால் மதினி வீட்டு உலை? அந்தக் கூட்டத்தில், கடனை நிறுத்துவது என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் கை தூக்கினேன். தம்பியைக் காட்டிக்கொடுக்காமல், தீபாவளிக்குள் பாக்கியை வசூல் செய்துவிடுவது என்றும் பேசி முடித்தோம். விஷயம் ஊருக்குள் பரவ எத்தனை நேரம் ஆகும்? மதினி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். குழாயடியில் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினெட்டு வருஷப் பழக்கம்! இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

கடையால் கொடுக்க முடியாததை வேறு யாரால் கொடுக்க முடியும் என்று யோசித்தபோது, எங்கள் மகளிர் சுய உதவிக் குழு ஞாபகம் வந்தது. வாரா வாரம் சேர்த்த சேமிப்பு இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, மாடு வாங்க என்று கடன் கொடுக்கிறோமே, பருப்பு வாங்கக் கொடுத்தால் என்ன? குழுவில் பேசினேன். "சோத்துக்குக் கடன் குடுத்தா திரும்பி வராது" என்றார்கள் சிலர். வாரக்கூலி வருகிற அன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவது, ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று அளவு வைப்பது, கையில் காசு தராமல் பண்டகசாலையில் ரொக்கமாகக் கட்டிவிடுவது என்று ஏற்பாடு செய்தோம். கடைக்கு ரொக்கம் ரொக்கமாகவே வந்தது. கடன் குழு நோட்டில், நம் கண் முன்னே இருந்தது.

பண்டகசாலையிலும் இரண்டு காரியம் செய்தோம். பை போட்ட பருப்பை நிறுத்தினோம். ஐம்பது கிலோ மூட்டையாக வாங்கி, சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் புது வரி இல்லை. நூறு கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுக்கலாம். துவரம்பருப்புக்குப் பக்கத்திலேயே தட்டைப்பயறையும் கொள்ளையும் வைத்தோம். இன்னொன்று, மாதக் கணக்கு வாசிக்கும்போது ரூபாயோடு மூட்டையையும் வாசிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். செயலாளர் முதலில், "எதுக்குங்கம்மா இரட்டை வேலை?" என்று சிணுங்கினார். பிறகு அவரே ஆர்வமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஆகஸ்டில் காய் எடுப்பு சூடு பிடித்தது. காய் விலை அப்போதும் எழுந்திருக்கவில்லை. ஆனாலும் பழுத்த காயைச் செடியில் விட முடியுமா? ஜீப்புகள் மறுபடி ஆறு நாளும் ஓடின. ஒரு சாயங்காலம் மதினி, தலைத்துண்டும் சாக்குமாக நேரே என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். சிவப்பு நோட்டுப் பாக்கியில் பாதியைக் கையில் வைத்து, "உன் கடையில கட்டிரு" என்றார். அவ்வளவுதான். உள்ளே வந்து காபி குடிக்க அவருக்கு இன்னும் ஒரு வாரம் ஆயிற்று!

கதையில் வருகிற மாதிரி எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தீபாவளி தாண்டியும் ஆறு வீட்டுப் பாக்கி நின்றது. இரண்டு குடும்பம் மலையிலேயே தங்கிவிட்டது. அந்தப் பணத்தைத் தம்பி தன் சம்பளத்திலிருந்துதான் கட்டினான். அது இன்றும் எனக்கு உறுத்தல்தான். 2023 மார்ச்சில் வருஷக் கணக்கு முடித்தபோது, ரூபாயில் விற்பனை கூடியிருந்தது. மூட்டையில், முந்தின வருஷத்தை எட்டவில்லை. கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்தது. ஆனால் பயறு வகை போன வருஷத்தைவிடக் கூடுதலாகப் போயிருந்தது. பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று, கால் நடுங்க, இதை அப்படியே சொன்னேன். "வியாபாரம் கூடலை, விலைதான் கூடுச்சு. நம்ம கடை பெருசாகலை. ஆனா மூடாமல் இருக்கு, எடை சரியா இருக்கு." பின்வரிசையில் மலைக்குப் போகிற பெண்கள் கை தட்டினார்கள். பேத்தியின் எடை ஏறத் தொடங்கிவிட்டது என்று மதினி சொன்னது அந்தக் கைதட்டலைவிட எனக்குப் பெரிசு.

அந்த 2023இலேயே எங்கள் குழுவின் ஐந்து வருஷப் பதவிக்காலம் முடிந்துவிட்டது. 2024இல் ஏலக்காய் விலை மறுபடி இரண்டாயிரத்தைத் தாண்டியது; ஜீப்புகளில் கூட்டம், கடையிலும் கூட்டம். நான் பழையபடி அடுப்படிக்கு வந்துவிட்டேன். ஆனால் அத்தை சொன்ன பாடத்தை வீட்டுக் கணக்கிலும் பிடித்துக்கொண்டேன்.

நீங்களும் செய்து பாருங்களேன். மளிகை எழுதுகிற நோட்டில் ரூபாய்க்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கோடு போடுங்கள். ஒன்றில் எத்தனை கிலோ வாங்கினோம், இன்னொன்றில் எத்தனை நாள் வந்தது. மாதக் கடைசியில் ரூபாயைக் கூட்டுவதற்கு முன்னால் கிலோவைப் பாருங்கள். பருப்பு, பயறு, பால், முட்டை இந்த நாலில் எது குறைந்திருக்கிறது என்று தேடுங்கள். செலவு கூடிவிட்டதே என்று நாம் கவலைப்படுகிற மாதத்தில்தான், நமக்கே தெரியாமல் பிள்ளைகள் தட்டில் பண்டம் குறைந்திருக்கும். தெரிந்துவிட்டால், குறைக்க வேண்டியதை வேறு எங்காவது குறைத்துக்கொள்ள நமக்கா தெரியாது?

போன வாரம் என் மூத்த பெண் முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டு வந்து பாட்டி கையில் வைத்தாள். அத்தை நோட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பேத்தியிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"இதுக்கு எத்தனை படி அரிசி வரும் தாயி?"